நாற்பத்தோராவது சாட்சி

வேணி அன்றைக்கு அந்த ஆட்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கவே கூடாது என்று அவள் புருஷன் தமிழரசன் இன்றைக்கும் சொல்லுவான். டீயில் என்ன இருக்கிறது? வாசலுக்கு வந்தவர்களை ஒரு வாய் டீ கொடுக்காமல் அனுப்பினால் உடையார்பாளையத்தில் அதற்கும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். தப்பு டீயில் இல்லை. டீயைக் கையில் வாங்கிக்கொண்ட அதிகாரி, குழந்தையின் தூளியை அண்ணாந்து பார்த்து, "அடடே, அழகா இருக்கே! யாரும்மா பின்னுனது?" என்று கேட்டார். அவள் சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் பதில் சொன்னாள்.

தூளி என்னவோ பழைய சேலையில் கட்டியதுதான். ஆனால் உத்திரத்திலிருந்து இறங்கும் கயிற்றில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒயரில் பின்னிய கிளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கைக்குழந்தை மஞ்சு எவ்வளவு அழுதாலும் அந்தக் கிளிகளை ஒரு தட்டு தட்டிவிட்டால் போதும், வாயை மூடிக்கொள்ளும்.

"நான்தாங்க பின்னுனேன். ஒயரு எங்க அண்ணன் கொண்டாந்து குடுத்துச்சு. எங்க கெணத்துல தண்ணி பாத்த அன்னிக்கு வெடிச்ச ஒயரு சார் இது. எனக்குன்னு எடுத்து வச்சிருந்து, ரெண்டு பஸ்சு மாறி வந்து குடுத்துட்டுப் போச்சு."

"வெடிச்ச ஒயரா?"

"ஆமாங்க. இன்னும் ஒரு பை நெறைய இருக்கு. காட்டவா?"

அவர்கள் கேட்கவில்லை. அவளாகவே உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த மஞ்சள் பையை எடுத்துவந்து அவர்கள் முன்னால் கொட்டினாள்.

வேணி பிறந்தது வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற பூமி. பத்தடிக்குக் கீழே பாறை. அங்கே கிணறு வெட்டுவது மண்வெட்டி வேலை இல்லை, வெடி வேலை. பாறையில் குழி போட்டு, தோட்டாவைத் திணித்து, அதிலிருந்து ஒயரை மேலே இழுத்து, ஊர் ஆட்களையெல்லாம் தூரமாகப் போகச் சொல்லிவிட்டு வெடிப்பார்கள். புழுதி அடங்கியதும் கல்லோடு கல்லாக அறுந்து கிடக்கும் ஒயரைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். வேலி கட்ட, கொடி கட்ட, கூடை பின்ன எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் தண்ணீர் கண்ட அன்றைக்கு வெடித்த ஒயர் மட்டும் வீட்டுப் பெண்ணுக்குச் சேர வேண்டியது. அவள் வாக்கப்பட்டுப் போயிருந்தால் கூடப் பிறந்தவன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் அதில் எதையாவது பின்னித் தன் வீட்டில் தொங்கவிட்டால் பிறந்த வீட்டுக் கிணறு வற்றாது என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. அந்தப் பக்கத்துப் பெண்கள் பிறந்த வீட்டு ஒயரை, போட்டுவந்த நகையைக் காட்டுவதுபோலத்தான் காட்டுவார்கள். வேணியும் அப்படித்தான் காட்டினாள்.

அதிகாரி தலையாட்ட, கூட வந்தவர் எழுதினார். அவள் சொன்னதில் பாதிதான் பேப்பரில் ஏறியது. அண்ணன் கொடுத்தது ஏறியது. வெடி ஒயர் ஏறியது. பை நிறைய இருப்பது ஏறியது. கிணறும் தண்ணீரும் பிறந்த வீட்டு முறையும் ஏறவில்லை. அதெல்லாம் அந்தப் பேனாவுக்கு வேண்டாத சங்கதி.

"இதையெல்லாம் எதுக்குங்க எழுதுறீங்க?" என்று அவள் கேட்டபோதுதான் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் அண்ணன் ஜெயசீலனை அரியலூரில் அவன் தங்கியிருந்த ரூமிலிருந்து அன்று காலையிலேயே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தூளியில் தொங்கிய கிளிகளை ஒவ்வொன்றாக அறுத்து ஒரு கவரில் போட்டு ஒட்டினார்கள். மஞ்சு வீரிட்டு அழுதது.

ஜெயசீலன் அரியலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பது வயசு. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொரோனா ஓய்ந்த சமயம், ஒரு கம்பெனி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்க வேண்டுமென்று பக்கத்துக் கிராமங்களில் நிலம் எடுக்க வந்தது. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஜனங்களின் கருத்தைக் கேட்கிறோம் என்றார்கள். கேட்கிறோம் என்று சொன்னதை நம்பி அவன் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். இவ்வளவு ஆழம் தோண்டினால் சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீர் எங்கே போகும்? ஜனங்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நாலைந்து சிநேகிதர்களோடு ஊர் ஊராகப் போய் அதே கேள்வியைக் கேட்டான். போகிற இடமெல்லாம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு விடியற்காலையில் அந்தச் சுரங்கத்தின் பம்புசெட் கொட்டகை வெடித்தது. யாருக்கும் காயமில்லை. தகர ஷீட் பறந்துபோய் முள்ளுக்காட்டில் விழுந்தது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்று யாருக்கும் அவசரம் இருந்ததாகவும் தெரியவில்லை. பேசியவர்களின் போட்டோ கையில் இருக்கும்போது வெடி வைத்தவனை ஏன் தேட வேண்டும்?

வக்கீல் செபஸ்டின் வரதராசன்பேட்டைக்காரர். அரியலூரில் ஆபீஸ் வைத்திருந்தார். ஜெயசீலனோடு கூட்டங்களுக்குப் போனவர், அதனால் தானாகவே வந்து கேஸை எடுத்துக்கொண்டார். வேணியையும் அவள் அப்பா சாமிதுரையையும் எதிரே உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"இது சாதாரணக் கேஸ் இல்லீங்கய்யா. உபா போட்டிருக்காங்க. தீவிரவாதத் தடுப்புச் சட்டம்."

சாமிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு, எம் மவனா? அவன் கோழி அறுக்குறதப் பாத்தாலே கொல்லப் பக்கம் ஓடிருவான் சார்."

"எனக்குத் தெரியுதுங்கய்யா. சட்டத்துக்குத் தெரியணும்ல. மத்த கேஸ்னா ஜாமீன் குடுக்கறதுதான் வழக்கம், உள்ள வைக்கறதுக்குத்தான் காரணம் சொல்லணும். இதுல அப்படியே தலைகீழ். போலீஸ் எழுதிக் குடுத்தது மேலோட்டமாப் பாத்தா நெசம் மாதிரி தெரிஞ்சாலே போதும், ஜாமீன் கெடையாது. உண்மையிலேயே நெசமா பொய்யான்னு அலசிப் பாக்கறதெல்லாம் விசாரணை நடக்கும்போதுதான்."

"விசாரணை எப்பங்க நடக்கும்?"

செபஸ்டின் மேசைமேல் இருந்த கேஸ் கட்டைப் புரட்டினார். வேணிக்குத் தாங்கவில்லை.

"சார், நான் வந்து சொல்றேன் சார். அது எங்க கெணத்து ஒயருன்னு நானே சொல்றேன். அந்த வாயாலதான சொன்னேன், அதே வாயால சொல்றேன்."

"நீங்க அரசு தரப்பு சாட்சிம்மா. நான் உங்களக் கூப்புட முடியாது. உங்ககிட்ட இந்தக் கேஸப் பத்தி அதிகமாப் பேசவும் கூடாது. அவங்க ஒருநாள் உங்களக் கூண்டுல ஏத்துவாங்க. அன்னிக்கு ஜட்ஜு முன்னாடி நடந்தது நடந்தபடி சொல்லுங்க. அது போதும்."

அந்த ஒரு நாளைத்தான் வேணி பிடித்துக்கொண்டாள். தான் கூண்டில் ஏறுகிற அன்றைக்கு அண்ணன் கீழே இறங்கிவிடுவான் என்று உறுதியாக நம்பினாள்.

கிணறு வெட்டிய மேஸ்திரி வைத்திலிங்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே கதை வேறு மாதிரி போயிருக்கும். சாமிதுரையோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன். ஆனால் அவரிடம் வெடி வைக்கிற லைசென்ஸ் கிடையாது. அந்தப் பக்கத்தில் யாரிடம்தான் இருக்கிறது? போலீஸ் வந்து கேட்டதும், "அவங்க கெணத்துல நான் வெடியே வைக்கலைங்க, வெறும் சேறுதான் அள்ளுனேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பாறை தானாகவே பிளந்துகொண்டது போலிருக்கிறது. அவருக்கும் மூன்று பெண்கள். அவரைத் திட்டுவதற்கும் மனசு வரவில்லை. சாமிதுரை மட்டும் அன்றோடு அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கேஸ் மத்திய ஏஜென்சிக்கு மாறி, சென்னையில் ஒரு தனி நீதிமன்றத்துக்குப் போனது. வேணியை ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அண்ணன் கொடுத்தானா என்றார்கள். ஆமாங்க என்றாள். வெடி ஒயரா என்றார்கள். ஆமாங்க, ஆனா, என்று அவள் ஆரம்பித்ததும், கேட்டதற்கு மட்டும் சொல்லும்மா என்றார்கள். வெளியே வந்ததும் அதே அதிகாரி, அதே டீ குடித்த அதிகாரி, மெதுவாகச் சொன்னார்: "சத்தியம் பண்ணிக் குடுத்துருக்க. நாளைக்குக் கோர்ட்டுல மாத்திச் சொன்னீன்னா பொய்ச்சாட்சின்னு உம் மேலயும் கேஸ் வரும். கைக்கொழந்த வச்சிருக்க, பாத்துக்க. அப்பறம், சாட்சி போய்க் குற்றவாளியப் பாக்கக் கூடாது. ஜெயிலுப் பக்கம் வந்துடாத."

அது நிஜமான சட்டமா, அவராகச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியாது. செபஸ்டினிடம் கேட்கவும் பயம். போனால் அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் போகவே இல்லை. சாமிதுரை மட்டும் பெரம்பலூருக்கு வந்து சென்னை பஸ் பிடித்துப் போய் மகனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார். "நல்லாத்தான் இருக்கான்" என்பார்.

ஜாமீன் மனு ஒவ்வொரு தடவை தள்ளுபடியாகும்போதும் அந்தத் தீர்ப்பில் வேணியின் பெயர் இருந்தது. குற்றவாளியின் சொந்தத் தங்கையே சொல்லியிருக்கிறாள் என்று இருந்தது. தங்கை சொன்னால் அதில் பொய் இருக்குமா? ஐகோர்ட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஜட்ஜுகள் மாறினார்கள். சாட்சிகளின் எண்ணிக்கை இருநூறைத் தொட்டது. அதில் வேணி நாற்பத்தோராவது. முதல் சாட்சியை விசாரிக்கவே மூன்று வருஷம் ஆனது.

இதற்கு நடுவில் வாழ்க்கை சும்மா இருக்கவில்லை. தமிழரசனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தது. மச்சான் யார் என்று பார்த்ததோடு அது நின்றுபோனது. அவன் வேணியை ஒரு நாளும் அடித்ததில்லை. திட்டியதுகூட இல்லை. குடித்துவிட்டு வரும் நாட்களில் மட்டும், "டீ போட்டியேடி, டீ" என்று சொல்லிவிட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொள்வான். அதற்கு நாலு அடி அடித்திருந்தாலும் தேவலை என்று அவள் நினைத்தாள்.

முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சாமி கும்பிடுகிறாள் என்று மாமியார் நினைத்தாள். அவள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். "ஐயா, நான் சாமிதுரை மவ வேணி. நான் சொல்லப்போறது சத்தியம். எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்குங்க." இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் சொல் என்று அதட்டினால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தாள். நிறுத்தவே கூடாது. ஜெயிலில் போட்டாலும் பரவாயில்லை, சொல்லி முடித்துவிட வேண்டும். மஞ்சுவை மாமியார் பார்த்துக்கொள்வாள்.

வேப்பந்தட்டை டீக்கடையில் சாமிதுரையும் தன் பங்குக்கு ஒரு கேஸ் நடத்திக்கொண்டிருந்தார். யாராவது பேச்சுவாக்கில் ஜாடையாகச் சொன்னால்கூட டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு எழுந்து நிற்பார். "எம் மவன் வெடி வச்சான்னு எவனாச்சும் ருசுப்படுத்து, நான் இந்த மீசைய மழிச்சுக்கறேன்." நாளாக ஆக, அவர் வந்தாலே பேச்சை மாற்றிவிடுவார்கள். அதையே அவர் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது வருஷம் தை மாதத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து சம்மன் கொடுத்தார். வேணி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, முதல் நாளே அப்பாவோடு சென்னை போய்ச் சேர்ந்தாள்.

நீதிமன்ற வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஜெயசீலனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு போலீஸ்காரர் அவன் விரல்களைத் தன் விரல்களோடு கோத்துப் பிடித்திருந்தார். முன் மண்டை முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வேணிக்கு ஒரு நிமிஷம் அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் எழுந்து பக்கத்தில் போனாள்.

"மஞ்சு வரலயா?" என்றான்.

"ஸ்கூலுக்குப் போயிருக்குண்ணே."

"என்னா படிக்கிது?"

"ஒண்ணாவது." அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிருவேண்ணே. ஒண்ணு விடமாட்டேன். நீ தைரியமா இரு" என்றாள்.

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். தலையாட்டினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளிருந்து ஒவ்வொரு தடவை பெயர் கூப்பிடும்போதும் அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வாய்க்குள் ஆரம்பத்திலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிசகு இல்லாமல் வந்தது. வெயில் வராண்டாவைத் தாண்டி உள்ளே வந்தபோது செபஸ்டின் கவுனைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"வேணிம்மா, உங்க சாட்சி வேண்டியதில்லன்னு சொல்லிட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போவலாம்."

"ஏன் சார்? இன்னொரு நாளைக்கா?"

"இல்லம்மா. இனிமே யாரையும் விசாரிக்க மாட்டாங்க. ஜெயசீலன் குத்தத்த ஒத்துக்கிட்டாரு."

சாமிதுரை காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னாங்க?" என்றார். செபஸ்டின் மறுபடியும் சொன்னார்.

"ரெண்டு மாசமா வேணாம் வேணாம்னு நானும் தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேங்கய்யா. அவரு கேக்கல. இன்னும் நூத்தம்பது பேருக்கு மேல சாட்சி இருக்கு. இது முடிய இன்னும் ஏழெட்டு வருசம் ஆவும். அப்பறம் நிரபராதின்னு விடுவாங்க, கண்டிப்பா விடுவாங்க. அப்ப அவருக்கு வயசு நாப்பத்தி மூணு. ஒத்துக்கிட்டா அஞ்சு வருசத் தண்டன. அதுல இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அடுத்த மாசம் வூட்டுக்கு வந்துடலாம். நிரபராதின்னு நின்னா ஜெயில்லயே கெடக்கணும், குத்தவாளின்னு சொன்னா கதவத் தொறந்து விடறாங்க. நான் என்னாத்தச் சொல்லி அவரத் தடுக்க?"

யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ஜட்ஜ் கேட்டாராம். கேட்க வேண்டியது முறை. இல்லை என்று ஜெயசீலன் சொன்னானாம். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

"நான் சொல்லியிருப்பேனே சார். ஒரு அரை மணி நேரம் பொறுத்திருந்தா நான் உள்ள வந்து சொல்லியிருப்பேனே" என்றாள் வேணி.

செபஸ்டின் அவளைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க சொல்லுவீங்கன்னு அவருக்குத் தெரியும்மா. அதனாலதான் இன்னிக்கே சொல்லிட்டாரு. நீங்க மாத்திச் சொன்னா உங்க மேல பொய்ச்சாட்சி கேஸ் போடறதுக்கு அவங்க ரெடியா இருந்தாங்க. ஒருத்தரு உள்ள கெடந்தது போதும்னாரு."

வேணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் அத்தனையும் வாய்க்குள்ளேயே நின்றன. அவற்றைக் கேட்கிற ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. பெரம்பலூரில் இறங்கியதும் சாமிதுரை, அவள் வாங்கிக் கொடுத்த டீயை மட்டும் பாதி குடித்துவிட்டு வைத்தார்.

மாசியில் ஜெயசீலன் வந்தான். வேணி மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். ஆரத்தி எடுக்கலாமா வேண்டாமா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. எடுக்கவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் கொஞ்சமாகச் சாப்பிட்டான். தட்டை அவனே கழுவிக் கவிழ்த்து, எழுந்து சுவரோரமாக நின்றான். "உக்காருண்ணே" என்றதும் உட்கார்ந்தான். கதவு திறந்திருந்தால் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளை அதட்டிய குரல் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்காத அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் வேலை கிடையாது என்பது சொல்லாமலே தெரிந்ததுதான். பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் என்றைக்கோ வேறு இடம் பார்த்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் சாதா உடுப்பில் இரண்டு பேர் வந்து, "சும்மாதான், இந்தப் பக்கமா வந்தோம்" என்று உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். யார் யார் வந்தார்கள், போனில் யாரோடு பேசினான், அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். இன்னொரு ஊரில் எங்கேயாவது ஏதாவது வெடித்தால் முதலில் யார் வீட்டுக்கு வருவார்கள் என்பது அவனுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சாமிதுரைதான் வேணியை அதிகம் பயப்படுத்தினார். மனுஷன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகன் வந்தபிறகு ஒரே ஒரு நாள் போனபோது, யாரோ ஒருவன் வேண்டுமென்றே இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான், "என்னா மாமா, கடைசில அவனே செஞ்சேன்னு ஒத்துக்கிட்டானாமே" என்று கேட்டிருக்கிறான். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மறுநாள் காலையில் மீசையைக் காணோம். மேலுதடு வெளுத்து, வேற்று ஆள்போல உட்கார்ந்திருந்தார். மகன் உட்கார்ந்த இடத்தில் அவர் உட்காருவதில்லை. அவன் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிட்டார்.

வேணி உடையார்பாளையத்துக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். மஞ்சு வெளியே விளையாடப் போயிருந்தது. ஜெயசீலன் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அப்பா அவன் எதிரே வந்து நின்றார். மகன் வந்ததிலிருந்து முதல் தடவையாக நேருக்கு நேர்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோர்ட்டுல என்னாத்தச் சொன்னியோ அது போவட்டும். எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லு. நீ வச்சியா?"

யாரைப் பார்த்து யார் கேட்கிற கேள்வி இது! ஊரே நம்பாதபோது நம்பியவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஐந்து வருஷம் நின்றவர் கேட்கிறார். பதிலைக் கேட்பதற்காக அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு குனிந்தார்.

ஜெயசீலன் வெங்காயத்தைக் கீழே வைத்தான். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, "கோர்ட்டுல சொன்னதுதாம்ப்பா" என்றான்.

சாமிதுரை நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. வேணியால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இல்லப்பா! அது பொய்யிப்பா. நான் சொல்றேன் கேளு. ஐயா, நான் சாமிதுரை மவ வேணி. நான் சொல்லப்போறது சத்தியம்." என்னவோ வாய்க்கு வந்தது அப்படித்தான் வந்தது. அப்பாவிடம் பேசுகிறோம் என்பதே மறந்துபோய், அவள் குரல் தெருமுனைவரை கேட்கிற மாதிரி எழும்பியது. "எங்க அண்ணன் ஒரு தப்பும் செய்யலைங்க. எங்க அண்ணன் வெடி வைக்கலைங்க. எங்க அண்ணனுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்லைங்க."

ஜெயசீலன் துள்ளி எழுந்தான். உரித்த வெங்காயமெல்லாம் தரையில் உருண்டது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். திரும்பி வந்து, தங்கையின் வாயைப் பொத்தினான்.

"கத்தாத வேணி. உன் காலுல வேணாலும் விழுறேன், கத்தாத. யாரு காதுலயாவது வுழுந்துடப் போவுது."